எண்ணெய் மட்டும் குடித்த எலி

இன்று காலை எங்கள் கடைவரிசைக்குப் புகை அடிக்க வந்தார்கள். பின்னால் உள்ள தாமான் குடியிருப்பில் இரண்டு வீட்டில் டெங்கியாம். முகமூடி போட்ட இரண்டு பேர் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சாக்கடை ஓரமாக நடந்தார்கள். வெள்ளைப் புகை, டீசல் நாற்றம், அதற்கு அடியில் அந்தப் பூச்சி மருந்து வாடை. அதை விற்றுத்தான் நான் முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். எந்தப் புகைக்குள் ஒளிந்திருந்தாலும் என் மூக்குக்குத் தெரியும்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடை பாய், ரொட்டி மாவைத் துணி போட்டு மூடிவிட்டு வெளியே வந்து நின்றார். "கொசுவுக்குத்தானேக்கா அடிக்கிறாங்க? நமக்கு ஒன்னும் ஆகாதுலா?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது உன் பேச்சு. "எவ்வளவு, எத்தனை நாள், எந்த வழியா உள்ள போகுது, அதை முதல்ல சொல்லுங்க பாய்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் கேட்டது தப்புலா," என்று சொல்லிவிட்டு மாவுப் பக்கம் போய்விட்டார்.

இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீ போய்விட்டாய். இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். சிரம்பான் பக்கம் ராசாவில் உன் தம்பி வீட்டில் வருஷத் திதி. காலையில் புகை அடங்கும்வரை எனக்கு அழைப்பு வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. உன் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில், சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உன் தம்பி என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்கக்காவைக் கொன்னது உங்க கடை மருந்துதானே? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்க." நான் இலையை விட்டு எழுந்தேன். கை கழுவிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பகாவில் இருக்கும் என் கடைக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த ஒரே வார்த்தையை உன்னிடம் நான் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். நீ தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. செத்தவர்களிடம் கோபம் வைக்கக் கூடாது என்பார்கள். உன்னோடு ஒரு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு வந்து அவர்கள் அதைச் சொல்லட்டும்.

ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ அறிவியல் படிக்கப் போனாய். நான் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு விதையும் உரமும் விற்கப் போனேன். எனக்குக் கடை வந்தபோது உனக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடத்தில் வேலை வந்தது. பூச்சிக்கொல்லியை எலிக்கும் சுண்டெலிக்கும் கொடுத்து, உடம்புக்குள் என்ன ஆகிறது என்று பார்க்கும் இடம். தோட்டத்தில் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை உண்டே, அதை வைத்து உன்னைக் கேலி செய்வேன். "எலிக்கு ஆயாக்கொட்டகை நடத்துறவ வந்துட்டா!" நீ சும்மா விடுவாயா? "நீ பூச்சிக்குச் சுடுகாடு நடத்துற. போடி தவுக்கே," என்பாய். முதலாளி என்று சீனர்களைக் கூப்பிடும் அந்தச் சொல்லை நீ எனக்கு வைத்தாய். பிறகு ஊரே என்னைத் தவுக்கேம்மா என்றது.

ஒப்பந்தம் முடிந்து அந்த வேலை போனபின், நீ என் கடைக்கு மேல் இருக்கும் அறைக்குக் குடிவந்தாய். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நானோ பண்ணிக்கொண்டு பிரிந்தவள். இரண்டு பேருக்கும் சேர்ந்து சாப்பிட ஆள் கிடைத்தது. காலையில் பாய் கடையில் ரொட்டி சானாய், அதோடு உன் எலிப் பாடம். மற்றவர்கள் சாப்பிடும் இடத்தில் மண்ணீரலைப் பற்றிப் பேசும் ஒரே பெண்பிள்ளை நீதான்.

நான் விற்றதில் பாதி பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. செம்பனைக் கன்றின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கு அதுதான், கத்தரிக்காய்ப் புழுவுக்கும் அதுதான். வீட்டில் கொசுவுக்கு அடிக்கிற டப்பாவிலும் அதன் தங்கை தம்பிதான் இருக்கும். உன் எலிகளும் அதைத்தான் குடித்தன.

"அது தண்ணியில கரையாது. சோள எண்ணெயில கலந்து, தினம் காலையில குழாய் வழியா எலி வயித்துக்குள்ள விடுவோம்," என்றாய். "ஒரு கூண்டுக்குக் கொஞ்சம். ஒரு கூண்டுக்கு அதிகம். இன்னொரு கூண்டுக்கு வெறும் எண்ணெய்."

"வெறும் எண்ணெய் எதுக்குலா? வீண்தானே?"

"அதுதான்டி எல்லாத்தையும்விட முக்கியமான கூண்டு. அது இல்லைன்னா மத்த கூண்டுல என்ன நடந்தாலும் எதனால நடந்துச்சுன்னு சொல்ல முடியாது."

என் நெஞ்செலும்பில் விரலை வைத்து, இதற்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, நோயை எதிர்க்கும் அணுக்கள் பழகி வளரும் இடம், என்றாய். அதிகம் குடித்த எலிகளுக்கு அது சுருங்கியிருந்ததை நீ பார்த்திருக்கிறாய். ஆட்டு ரத்த அணுவை எலிக்கு ஊசியில் ஏற்றி, 'அந்நியன் வந்துவிட்டான், விரட்டு' என்று உடம்பு எவ்வளவு வேகமாக எழுந்து நிற்கிறது என்று பார்ப்பீர்களாம். சில கூண்டுகளில் உடம்பு சோம்பலாக எழுந்ததாம். பிறகு எலும்பு மச்சை. அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொரு அணுவாக எண்ணுவது உன் வேலை. தேநீரில் விரலை நனைத்து மேசையில் ஒரு வட்டம் போட்டாய். வட்டத்துக்குள்ளேயே ஓரமாக ஒரு சின்னப் புள்ளி வைத்தாய். "அணு ரெண்டாப் பிரியறப்ப மரபுப் பொருள் உடைஞ்சு ஒரு துண்டு பின்தங்கிட்டா, இப்படித் தனியா நிக்கும். குட்டிக் கரு. இதைத் தேடித் தேடித்தான் என் கண்ணு போச்சு."

நான் வியாபாரி. எனக்கு முடிவு வேண்டும். "அப்போ மருந்து கெட்டது," என்றேன்.

"அப்படி நான் சொல்லலையே. சில சோதனையில வருது, சிலதுல வரல. எலிக்குக் குடுத்த அளவு வேற, மனுஷன் மேல படற அளவு வேற. எலி மனுஷனும் இல்ல."

"அப்போ நல்லது."

"அப்படியும் சொல்லலையே."

மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். உன் வட்டமும் புள்ளியும் தெறித்துப் போயின. பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரொட்டி வேகலையா?" என்றார்.

ஒரு நாள் கம்பெனி விற்பனையாளர் வந்தார், டை கட்டின தம்பி. "இது பூவிலேர்ந்து வந்த மருந்து மேடம். சாமந்தி மாதிரி ஒரு பூ. ரொம்ப சேஃப்," என்றார். மூலையில் விதைப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்த நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூவைப் பார்த்து ஆலையில செஞ்சதுன்னு சொல்லுங்க தம்பி. அதுவும் இல்லாம, அரளிகூடப் பூதான். ஒரு கை அள்ளி மெல்லுங்க பார்ப்போம்."

அவர் சிரித்து மழுப்பினார். "எலிக்குத்தான் மேடம் ஏதோ வருதுங்கிறாங்க. மனுஷனுக்கு வரும்னு யாருக்கும் தெரியாது."

அவர் போனபின் உன்னைப் பிடித்தேன். "அவனும் தெரியாதுங்கிறான், நீயும் தெரியாதுங்கிற. ரெண்டு பேருக்கும் என்னடி வித்தியாசம்?"

"அவன் தெரியாதுன்னு சொல்லிட்டு விக்கிறான். நான் தெரியாதுன்னு சொல்லிட்டு கிளவுஸ் மாட்டுறேன்."

"நானும்தான் விக்கிறேன்."

"அதைத்தான் சொல்றேன்."

உனக்கு அடுத்தவளைக் குத்த இரண்டு வார்த்தை போதும். ஆறுதல் சொல்லத்தான் ஆயிரம் எலி வேண்டும்.

இப்போது போத்தல் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சுற்றி வளைத்து எழுதிப் பழக்கமில்லை. பெரிய கேனைக் குத்தகைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு போத்தல் போதும். அதனால் பின்னறையில் கேனைத் திறந்து குடிதண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி விற்றேன். எழுத்தில்லை, படமில்லை, எச்சரிக்கையில்லை. சட்டப்படி கூடாது என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

நம் ஆட்கள் அதை விஷம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 'மருந்து குடுங்க', 'மருந்து அடிக்கப் போறேன்', அவ்வளவுதான். உனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "மலாய்ல 'ராச்சுன்'னு கேக்கறவன் விஷம் வாங்கிட்டுப் போறான். தமிழ்ல கேக்கறவ மருந்து வாங்கிட்டுப் போறா. ரெண்டும் ஒரே போத்தல்," என்பாய். நான், "நம்ம பாஷை அப்படி. அகராதியை மாத்தற வேலையெல்லாம் எனக்கு வேணாம், கடை இருக்கு," என்பேன்.

சரசக்கா நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்தில் முதுகில் பம்பு மாட்டி மருந்து அடிக்கும் பெண். வாரம் ஒரு தடவை கடைக்கு வந்து உன்னோடு அரட்டை அடித்துவிட்டுப் போவாள். ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டே பேன் தொல்லை தாங்கவில்லை என்றாள். ஃபார்மசியில் பேனுக்குத் தைலம் விற்கிறது, வாங்கிப் போடுங்கள் என்றாய். அதோடு நிறுத்தினாயா? உனக்கு எதையும் முழுசாகச் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே. "அதுவும் இந்த மருந்துக் குடும்பம்தான்க்கா," என்று அலமாரியில் இருந்த போத்தலைக் காட்டினாய்.

இரண்டு நாள் கழித்துச் சரசக்கா ஈரத்துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிவப்பு. "மூஞ்சி பூரா எறும்பு ஓடுற மாதிரி இருக்கும்மா, நிக்கவே மாட்டேங்குது," என்று அழுதாள். என் கடைப் போத்தலைத் திறந்து தலை நிறையத் தேய்த்திருக்கிறாள். "நீங்கதானேம்மா சொன்னீங்க ஒரே குடும்பம்னு? வீட்லயே மருந்து இருக்கறப்ப எதுக்கு ஃபார்மசிக்கு வேற போறது?"

"குடும்பம் ஒன்னுன்னா மாமனாரும் மருமகனும் ஒன்னாயிடுவாங்களாக்கா!" என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. பின்பக்கக் குழாயடியில் அவளை உட்காரவைத்து, சவர்க்காரம் போட்டு அலசினாய், திரும்பப் போட்டு அலசினாய். கிளினிக்குக்கு நான்தான் கார் ஓட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் போகவில்லை, எரிச்சல் தானாக அடங்கிவிடும் என்றார். திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த சரசக்கா, "ஆனா பேன் செத்துப் போச்சும்மா, அதைச் சொல்லியே ஆகணும்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை.

அன்று சாப்பிடும்போது நீ சொன்னது: "நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்லடி. எல்லாம் சரியாத்தான் சொன்னேன். சரியாச் சொல்லியே அவ தலையில ஊத்தியிருக்கேன்."

மறுநாள் காலை நான் கடையைத் திறந்தால், அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு போத்தலிலும் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் 'விஷம்'. முதலில் வந்த பெரியவர் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தவுக்கேம்மா, இது செடிக்கா, மாமியாருக்கா?" என்று கேட்டார். அடுத்து வந்தவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானத்துக்குள் நான் மண்ணெண்ணெய் போட்டு எல்லாவற்றையும் துடைத்தேன்.

"எழுதினதை அழிச்சிட்ட. சரி. ஊத்தறதை நிறுத்து," என்றாய்.

"நிறுத்தினா அடுத்த கடைக்குப் போவாங்க."

"போகட்டும்."

"உனக்கென்னடி, எலி கூண்டை விட்டு எங்கயும் போகாது. என் ஆளுங்களுக்குக் கால் இருக்கு."

நீ அலமாரியில் இருந்த கிளவுஸை எடுத்தாய். பிறகு, "நீ ஊத்தினா பாதி கையில வழியுது. இனிமே நான் ஊத்தறேன்," என்றாய்.

அன்றிலிருந்து நீதான் ஊற்றினாய். கிளவுஸ் போட்டுக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறையில், வருஷக்கணக்காக. ஒவ்வொரு போத்தலிலும் சிவப்பு நாடா ஒட்டி, வாங்குகிறவர்களிடம் 'செடிக்கு மட்டும்' என்று வாயால் சொல்லி அனுப்பினாய். ஒன்றே ஒன்று என்னிடம் கேட்டாய்: காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று சுவரில் மாட்ட வேண்டும். அடுத்த மாசம் என்றேன். மறுபடி கேட்டபோதும் அடுத்த மாசம் என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. உனக்கு இருந்திருக்கும், நீதான் எண்ணுகிறவள்.

பிறகு உன் கையில் நீலமாகக் கன்றிப்போன தடங்கள் வந்தன. பெட்டியில் இடித்துக்கொண்டேன் என்றாய். ஈறில் ரத்தம் வந்தது. சிரம்பான் மருத்துவமனையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மச்சையை எடுத்தார்கள். ரத்தம் ஊறும் இடத்திலேயே கோளாறு என்றார்கள். நீ படுத்துக்கொண்டு, "எலிக்கு நான் எடுத்ததை இப்ப எனக்கு எடுக்கறாங்க. நான் இதைவிட நல்லா எடுத்திருப்பேன்," என்றாய். பக்கத்தில் நின்ற தாதி தமிழ்ப் பெண் வேறு. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

பின்னறையில் விசிறி மாட்டியது அந்த வாரம். ஊற்றுவதை நிறுத்தியதும் அந்த வாரம். நீ சொன்னபோது நிறுத்தவில்லை, நீ படுத்தபின் நிறுத்தினேன். வந்து பார்க்க நீ இல்லாத விசிறி அது.

ஒரு சாயங்காலம் வார்டில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது உன்னைக் கேட்டேன். "என் கடைதானாடி?"

"தெரியாது."

"விளையாடாத. உன்னைவிட இதைத் தெரிஞ்சவ யாரு?"

"தெரிஞ்சதாலதான் தெரியாதுங்கிறேன். எலிக் கூடத்துல அத்தனை வருஷம் இருந்திருக்கேன். உன் கடையில இருந்திருக்கேன். எங்கப்பாவும் ரத்தத்துல ஏதோ வந்துதான் போனாரு. இதுல எதைப் பிடிச்சு இழுக்கச் சொல்ற?" மூச்சு வாங்கியது உனக்கு. அப்போதும் விடவில்லை. "ஒரே ஒரு எலியை வெச்சு முடிவு எழுதக்கூடாதுடி. நான் ஒரே ஒரு எலி. பக்கத்துக் கூண்டுல என்னை மாதிரியே ஒருத்தி வெறும் எண்ணெயைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கணும். அவ எங்க?"

"என் மனசு ஆறறதுக்காவது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அதுக்கு அந்த டை கட்டின தம்பியைக் கூப்பிட்டுக் கேளு."

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. நீ என் விரலைப் பிடித்துக்கொண்டாய். "இல்லைன்னு சொன்னா நீ மறுபடி ஊத்துவ. ஆமான்னு சொன்னா நீ படுத்துடுவ. ரெண்டும் பொய்யாயிடும். எனக்கு உண்மையாவே தெரியாதுடி தவுக்கே."

சாகக் கிடக்கும்போதும் அளந்து பேசியவளே, ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் உனக்கு?

நீ போனபின் ஊரில் உன்னைத் தவிர எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. அத்தனை எலியைக் கொன்ற பாவம் என்றாள் உன் அத்தை. செய்வினை என்றார் ஒருவர். மருந்துக் கடைதான் என்றார்கள் பாதிப் பேர். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைக் குற்றம் சொன்னதற்காக மட்டும் இல்லை. இப்படி ஒரு நொடியில் முடிவு கட்டுகிறவர்களுக்கு நடுவில் உன் சவப்பெட்டி கிடந்ததே, அதற்காக. பந்தலில் உன் தம்பி கேட்டபோது நான் ஏன் ஓடினேன் தெரியுமா? தெரியாது என்று உன் வாயில் வந்தால் அது உண்மை. பூச்சி மருந்துக் கடைக்காரி வாயில் வந்தால் அது விற்பனைப் பேச்சு. 'அவளே சொன்னா, தெரியாதுன்னு' என்றால் இன்னும் கேவலம். உன் பிணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது போல. சரியான சொல்லை நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய், அதைச் சொல்லத் தகுதியில்லாத வாயில்.

இன்று பிற்பகல் உன் தம்பி வந்தார். பள்ளி பஸ் ஓட்டி முடித்த கையோடு ராசாவிலிருந்து நேராக வந்திருக்கிறார், ஓட்டுநர் சட்டையைக்கூட மாற்றவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"அந்தக் கேள்வியை நான் இன்னும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா."

இந்தத் தடவை கார் சாவியைத் தேடவில்லை. "தெரியாது தம்பி," என்றேன்.

"அவ சொன்னதா, நீங்க சொல்றதா?"

"அவளும் சொன்னா, நானும் சொல்றேன்."

பிறகு யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். போத்தலைச் சொன்னேன். பின்னறையைச் சொன்னேன். எத்தனை 'அடுத்த மாசம்' கழித்து விசிறி மாட்டினேன் என்பதையும், நீ படுத்தபின்தான் நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். எதையும் மெழுகவில்லை. எனக்காக அழவும் இல்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும்.

உன் தம்பி உர மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார். "எனக்கும் அதையேதான் சொன்னா," என்றார். "ஒரே ஒரு எலி, பக்கத்துக் கூண்டு, எல்லாம். எனக்கு எரிச்சலா வந்துச்சு. யாரைத் திட்டறதுன்னாவது சொல்லிட்டுப் போன்னு கேட்டேன். அதுக்குச் சொன்னா, 'அவளையே கேளு. இல்லவே இல்லைன்னு சொன்னா நம்பாத. நான்தான் கொன்னேன்னு அழுதாலும் நம்பாத'ன்னு."

நான் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"பந்தல்ல நீங்க எந்திரிச்சு ஓடிட்டீங்க. அதுக்கு என்ன பண்றதுன்னு அவ ஒன்னும் சொல்லிட்டுப் போகல. அதான் ஒரு வருஷம் ஆயிடுச்சு."

எனக்கு வந்தது கோபம்தான். என்னை ஒரு கூண்டில் போட்டு, தம்பியைக் காவலுக்கு வைத்து, என்ன செய்கிறேன் பார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் சோதனை கெட்டுப் போயிருக்கும், அதுதானே உன் பதில்?

"ஞாயித்துக்கிழமை வந்துடுங்கக்கா. வாழைக்காய் வறுவல் உங்களுக்குப் பிடிக்கும்னு அவ சொல்லியிருக்கா," என்றார். பாய் கடையிலிருந்து தேநீர் வரவழைத்தேன். குடிக்கும்போது, "கேட்டாச்சுன்னா மனசு லேசாயிடும்னு நெனச்சேன். ஆகல," என்றார். எனக்கும் ஆகவில்லை என்றேன். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனபின் இதை எழுத உட்கார்ந்தேன். வியாபாரத்தில் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று நான் சொன்னதில்லை. சொன்னால் எதிரே நிற்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். இன்று சொன்னேன்; சொல்லும்போது வாய் குழறியது. நீ எப்படித்தான் தினமும் சொன்னாயோ, அவ்வளவு சாதாரணமாக, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை ராசாவுக்கு வருகிறேன். உன் அத்தை இருப்பாள், செய்வினை என்று சொன்னவர் இருப்பார், யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். இந்தத் தடவை பந்தியில் உட்கார்ந்தே பதில் சொல்லப்போகிறேன். உன்னைக் கொன்றது எது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பின்னறையில் ஊற்றியது நீ. ஊற்ற விட்டது நான். அது தெரியும்.